தாத்தாவோட பட்டாள மெடல் எதுன்னே தெரியலையா? பாண்டில ஒரு கடை இருக்கு

மொதல்லயே சொல்லிடறேன், விக்கறதுக்கு இந்தக் கடைக்குப் போகாதீங்க, தெரிஞ்சுக்கறதுக்குப் போங்க. அந்த ஒரு வேலைக்கு நான் 5க்கு 4 குடுப்பேன், ஒண்ணு ஏன் குறைச்சேன்னு கீழ எழுதியிருக்கேன்.

கடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல. மிஷன் வீதிலேர்ந்து உள்ள திரும்பற ஒரு சந்துல பழைய காசு, ஸ்டாம்பு, ஓடாத கடிகாரம், வால்வு ரேடியோன்னு அடைச்சு வச்சிருக்கற ஒத்தை ரூம். கடைப் பேரை இங்க போடல, போட வேணாம்னு கடைக்காரப் பெரியவரே சொல்லிட்டாரு, பேரு பாத்துட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு "இது எவ்ளோ போகும்"னு மட்டும் கேட்டுட்டு எழுந்து போயிடறாங்களாம். அந்தப் பக்கம் பழைய சாமான் விக்கறவங்கள்ட்ட "மெடல் பாக்கறவர்"னு கேட்டா போதும், கை காட்டுவாங்க.

எங்க கேஸ் கொஞ்சம் சிக்கல். நான் கடலூர், மஞ்சக்குப்பம். எங்கம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துல இருந்தவரு. வீட்டம்மா பாண்டி, குருசுக்குப்பம், அவங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இந்தோசீனா (இப்ப வியட்நாம், லாவோஸ், கம்போடியா) வரைக்கும் போயிட்டு வந்தவரு. ரெண்டு வீட்டு சாமானும் எப்படியோ ஒரே பிஸ்கட் டின்னுக்குள்ள வந்து சேந்துடுச்சு, ரிப்பன் ஒரு பக்கம் மெடல் ஒரு பக்கம் கழண்டு கிடக்கு, யாரோடது எதுன்னு சொல்றதுக்கு ரெண்டு வீட்லயும் பெரியவங்க இல்ல.

டின்னைத் தொறந்ததும் அவர் மொகப்பு பக்கமே பாக்கல. வட்ட மெடலை எடுத்து விளிம்பை விரலால தடவறாரு, ஸ்டார் மாதிரி இருக்கறதைத் திருப்பிப் போட்டு முதுகுல லென்ஸ் வைக்கறாரு. காரணம் என்னன்னா, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பிரிட்டிஷ்காரன் தன்னோட சொந்த ஊர் சிப்பாய்ங்களுக்குக் குடுத்த ஸ்டாரு, வார் மெடல் எல்லாத்துலயும் பேரே வெட்டல, மொட்டையா அனுப்பிட்டான். இந்தியப் பட்டாளத்துக்கு வந்த மெடல்ல மட்டும் நம்பர், ராங்கு, பேரு, யூனிட்டு எல்லாம் அடிச்சுக் குடுத்தாங்க, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காக்காரங்களுக்கும் அப்படித்தான். லண்டன்ல இருக்கற பேரன் மெடலை வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருப்பான், நமக்கு எழுதியே குடுத்திருக்கான். எங்க தாத்தாவோட ஸ்டார் முதுகுல பொடி எழுத்துல அவர் பேரு, பின்னாடி ஆர்.ஐ.ஏ.எஸ்.சி, அதாவது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். சப்ளை, லாரி, கோவேறு கழுதைன்னு பட்டாளத்துக்கு வேண்டியதெல்லாம் கொண்டுபோய் சேக்கற பிரிவு. தாத்தா லாரி ஓட்டினார்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க, இப்பதான் அதுக்கு ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கு.

அந்த ஆறு முனை மஞ்ச உலோக ஸ்டார் பர்மா ஸ்டார். ரிப்பன் துணியை வச்சே சொல்லிட்டாரு, நடுவுல அகலமா செவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்கு நடுவுல மெல்லிசா ஒரு ஆரஞ்சுக் கோடு. ஆனா பர்மா ஸ்டார் இருந்தா பர்மாவுக்குள்ள கால் வச்சிருப்பாருன்னு அர்த்தம் இல்லையாம். 1941 டிசம்பர் 11லேர்ந்து 1945 செப்டம்பர் 2 வரைக்கும் பர்மாவுல இருந்தவங்களுக்குன்னு ஆரம்பிச்சாலும், 1942 மே மாசத்துலேர்ந்து வங்காளம், அசாம் பக்கம் இருந்தவங்களையும் சேத்துக்கிட்டாங்க. ஆயா இருந்த வரைக்கும் "மணிப்பூர் மலைல இருந்தாரு"ன்னுதான் சொல்லும், பர்மான்னு ஒரு நாளும் சொன்னதில்ல, மாமாதான் வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் ரங்கூன்னு அளந்துட்டு இருந்தாரு. ஆயா சொன்னதும் மெடலும் சரியா பொருந்துது.

இந்தியா மேப் போட்ட வெள்ளை மெடல் ஒண்ணு இருந்துச்சு. அது சுதந்திரத்துக்குக் குடுத்ததுன்னு எங்க சைடுல ஒரு பேச்சு. கிடையாது, அது இந்தியா சர்வீஸ் மெடல், 1939-45னு அதுலயே இருக்கு, போர்க்காலத்துல இந்தியாவுக்குள்ள மூணு வருஷம் வேலை பாத்ததுக்கு. சிங்கம் ரெட்டைத்தலை டிராகன் மேல ஏறி நிக்கறது வார் மெடல். பளபளன்னு இருந்தாலும் ரெண்டும் வெள்ளி இல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது, அதனால நகைக்கடைக்காரன் எடை போட்டு என்ன சொன்னாலும் கண்டுக்காதீங்க.

நெஜமான வெள்ளி ஒண்ணு அந்த டின்லயே இருந்துச்சு, அங்கதான் கதை மாறுது. அஞ்சாம் ஜார்ஜ் தலை, பின்னாடி உடம்புல துணியே இல்லாம குதிரை மேல ஒரு ஆளு, 1914 1918. மொத உலகப்போரோட பிரிட்டிஷ் வார் மெடல். விளிம்புல 61 பயனியர்ஸ்னு இருக்கு, பேரு எங்க சொந்தத்துல யாரும் கேள்விப்படாத பேரு. பெரியவர் அதை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு "தம்பி, இது உங்களுது இல்ல, உங்கள்ட்ட இருக்குது, அவ்ளோதான்"னாரு. 61வது பயனியர்ஸ் நம்ம மெட்ராஸ் பக்கத்து ரெஜிமென்ட், பயனியர்ஸ்னா சண்டையோட ரோடு போடற வேலையும் பாக்கறவங்க, 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல, இப்ப தான்சானியா இருக்கே, அங்க டாங்கான்னு ஒரு துறைமுகத்துல இறங்கி ஜெர்மன்காரன்ட்ட நல்லா அடி வாங்கின கூட்டத்துல இவங்களும் இருந்தாங்க, கூடவே பாளையங்கோட்டை பேர் தாங்கின 63வது ரெஜிமென்ட்டும். அந்த ஆளு மெடல் எப்படி மஞ்சக்குப்பம் வந்துச்சுன்னு தெரியல, அடகுல மூழ்கி வந்திருக்கலாம், ஆயாவோட சொந்தமா இருக்கலாம், அவர் எதையும் அடிச்சு சொல்லல. எனக்கு அந்த இடத்துலதான் அவர் மேல நம்பிக்கையே வந்துச்சு, வேற ஆளா இருந்தா "உங்க கொள்ளுத்தாத்தா"ன்னு ஒரு கதை கட்டி சந்தோஷப்படுத்தி அனுப்பியிருப்பான்.

வீட்டம்மா சைடு மெடலுக்கு வந்தா நெலம தலைகீழ். பிரெஞ்சு மெடல்ல பேரு கிடையாது. பாக்க அழகா இருக்கு, ஒண்ணுல மூணு தலை யானை, பச்சை மஞ்சள் பட்டை போட்ட ரிப்பன், அது 1953ல கொண்டுவந்த இந்தோசீனா நினைவு மெடல். இன்னொண்ணு வானநீலத்துல வெள்ளைக் கோடு போட்ட ரிப்பன், மெதாய் கொலோனியால், அதாவது பிரெஞ்சுக் காலனிகள்ல வேலை பாத்ததுக்குக் குடுத்த மெடல். ஆனா இதை வாங்கினது யாருன்னு மெடல் வாயே தொறக்காது. காகிதம் இருந்தாதான் ஆச்சு. "லிவ்ரே இருக்காம்மா"ன்னு அவர் கேட்டதும் வீட்டம்மா முகம் மலந்துடுச்சு, ஏன்னா அந்த பட்டாளப் புக்கை பென்ஷனுக்காக அவங்க ஆயா பத்திரமா துணில சுத்தி வச்சிருந்தாங்க. அதுல மாத்ரிக்குல், அதாவது பட்டாள நம்பர், சேந்த வருஷம், எந்த ஊருக்கு எப்ப கப்பல் ஏறினாரு, என்ன மெடல் குடுத்தாங்க எல்லாம் வரிசையா இருக்கு, பெரியவரே பிரெஞ்சைப் படிச்சுத் தமிழ்ல சொன்னாரு. பாண்டிக்காரங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா மெடலை விட அந்தப் புக்கைத்தான் மொதல்ல தேடுங்க. புக்கு தொலைஞ்சிருந்தா பிரான்ஸ்ல "போ" (Pau)ங்கற ஊருல பட்டாள ஆளுங்களோட ஆவணக் காப்பகம் இருக்கு, அங்க எழுதிக் கேக்கலாம், ஆனா அதுக்கும் நம்பரோ பொறந்த தேதியோ கையில இருந்தா நல்லதுன்னாரு. போர்ல செத்தவங்கன்னா மெமுவார் தே ஸொம்னு பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தோட சைட்லயே தேடலாம்.

இவ்ளோ எப்படித் தெரியும்னு கேட்டேன். சின்ன வயசுலேர்ந்து ஜூலை 14க்கு பீச்ல போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை போட வர்ற பழைய சொல்தாங்க நெஞ்சுல குத்தியிருக்கறதைப் பாத்துப் பாத்துக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாராம். அதனாலதான் பிரிட்டிஷ் மெடலை விட பிரெஞ்சு மெடல்ல ஆளு கொஞ்சம் அதிகமாவே உருகறாரு.

இன்னும் சில்லறை சாமான் இருந்துச்சு. ஆயா அரிசி அளக்க வச்சிருந்த எனாமல் மக்குக்கு அடியில கோழிக்கால் மாதிரி ஒரு அம்புக்குறி, அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துன்னு முத்திரை. டிஸ்சார்ஜ் காகிதத்து மூலையில ஐ.ஏ.எஃப்னு இருந்ததை வச்சு சித்தப்பா ஏர்ஃபோர்ஸ்னு சொல்லிட்டு இருந்தாரு, அது இந்தியப் பட்டாளத்து ஃபாரத்தோட நம்பராம். தோட்டா, குண்டு மாதிரி எதுனா வீட்ல இருந்தா கடைக்குக் கொண்டுவரவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்றாரு, உசுரோட இருக்கற தோட்டாவை லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 1959 ஆயுதச் சட்டம் பாயும், போலீசுக்குச் சொல்லிடணும்.

குறைக்கு வர்றேன். டின் ஒண்ணுக்கு 500 ரூபா, பில்லு கிடையாது. சொன்னதை எழுதிக் குடுங்கன்னு கேட்டா காலண்டர் தாள் பின்னாடி கிறுக்கித் தர்றாரு, வீட்டுக்கு வந்து நானே உக்காந்து திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா பாக்கவே மாட்டாரு. பக்கத்துல ஒரு ஃப்ரேம்காரரை சிபாரிசு பண்றாரு, அங்க மட்டும் வேணாம், சாம்பிளுக்கு மாட்டியிருந்ததுல மெடலைத் தெர்மாகோல்ல பசை போட்டு ஒட்டியிருந்தாங்க, விளிம்பையும் முதுகையும் திரும்ப யாரு படிக்கறது? பெரியவருக்கே மெடல் வாங்கி விக்கற பழக்கமும் உண்டு, எங்கள்ட்ட விலை பேசல, ஆனா நீங்க அன்னிக்கே எதையும் குடுத்துட்டு வராதீங்க, ஒரு வாரம் போகட்டும்.

இன்னொண்ணு, போறதுக்கு முன்னாடி புளி, விபூதி, பித்தளை பவுடர் எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. எங்க டின்ல ஒரு மெடல் பூஜைப் பாத்திரத்தோட சேந்து வருஷா வருஷம் குளிச்சிருக்கு, விளிம்புல பாதி எழுத்து வழிஞ்சே போச்சு, லென்ஸ் வச்சும் கடைசி ரெண்டு நம்பர் தெரியல. கந்தல் ரிப்பனா இருந்தாலும் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.

அவர் வேலை அது என்ன மெடல், யாரோடதுன்னு சொல்றதோட முடிஞ்சுது. தாத்தா எந்த ரோட்ல லாரி ஓட்டினாரு, எப்ப ஊர் திரும்பினாரு, அதெல்லாம் சர்வீஸ் ரெக்கார்ட்லதான் இருக்கும். எங்களுது சர்வீஸ் கார்ப்ஸுங்கறதால பெங்களூர்ல இருக்கற ஏ.எஸ்.சி (ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்) ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நம்பர் போட்டு லெட்டர் அனுப்பியிருக்கோம். உங்க தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நம்ம நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா (பட்டாள இன்ஜினியர் பிரிவு) அதுவும் பெங்களூர்தான். எங்க எழுதறதுன்னு குழப்பமா இருந்தா கடலூர்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல விசாரிச்சுப் பாருங்க, போகும்போது டிஸ்சார்ஜ் காகிதத்தோட ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோங்க, ஒரிஜினல் வீட்லயே இருக்கட்டும்.