ஃப்ரிட்ஜ் நாற்றத்துக்கு மூங்கில் கரிப் பை: வாங்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற மூங்கில் கரிப் பையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் நாற்றத்தை விரட்டிய பிறகு வாங்குங்கள். விரட்டுவதற்காக வாங்காதீர்கள். அட்டைப் பெட்டியில் என்னவோ உள்ளே வைத்தவுடன் எல்லாம் போய்விடும் என்று போட்டிருந்தார்கள். என் வீட்டில் அது நடக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். வாரத்தில் பாதி நாள் மீன்குழம்பு, இறால் தொக்கு என்று ஓடும். அதனால் ஃப்ரிட்ஜ் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கரண்ட் போனது போனதுதான். ஃப்ரீசரில் இருந்த சங்கராவும் இறாலும் கரைந்து, கெட்டு, அந்தத் தண்ணீர் கீழ்த்தட்டு வரை இறங்கிவிட்டது. கதவைத் திறந்தால் வாசலில் நிற்பவர்களே மூக்கைப் பிடித்தார்கள்.

ஆன்லைனில் வாங்கிய அந்தப் பையை முதலில் வைத்துப் பார்த்தேன். நாற்றம் அசையவே இல்லை. கரி செய்யும் வேலை, காற்றில் மிதக்கும் வாடையைத் தன் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது. தட்டின் ஓரத்திலும் பிளாஸ்டிக் இடுக்கிலும் அழுகல் ஒட்டிக்கொண்டு புதிது புதிதாக வாடையை விட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சின்னப் பை எத்தனையைத்தான் பிடிக்கும்?

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆப்ப சோடா போட்டுத் துடைக்கச் சொன்னார். எல்லோரும் சொல்வதும் அதைத்தான். பால், தயிர் புளித்த வாடைக்கு அது நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அவை அமிலம், சோடா காரம். மீன் விஷயம் வேறு. கடல் மீன் கெடும்போது கிளம்பும் வாடைக்குப் பெரிய காரணம் டிரைமெத்திலமைன் என்ற பொருள். அதுவே காரம். காரத்தைக் காரம் என்ன செய்யும்? புளிப்புதான் அதைக் கட்டும். மீனைக் கழுவும்போது நம் வீடுகளில் புளியோ எலுமிச்சையோ சேர்ப்பது இதற்குத்தான். ஃப்ரிட்ஜுக்குப் புளி கறை பிடிக்கும், அதனால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து எடுத்துக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்சுவர் முழுக்க வினிகர் துணியால் துடைத்தேன். முக்கால்வாசி நாற்றம் அப்போதே இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து ஒரு முறை துடைத்தேன்.

மீதி கால்வாசிக்குத்தான் மெக்கானிக் வர வேண்டியிருந்தது. தெரு முனையில் கடை வைத்திருக்கும் தம்பி. வந்ததும் ஃப்ரிட்ஜைத் திருப்பி, "அக்கா, உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பின்னாடி பார்த்தீங்களா?" என்றார். பனி உருகும் தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டில் ஆவியாகிப் போகும். மீன் தண்ணீரும் அதே வழியில் இறங்கித் தட்டில் பிசினாக உறைந்திருந்தது. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் அது சூடாகி வீடு முழுக்க வாடையைப் பரப்பியிருக்கிறது. தட்டைக் கழற்றிக் கழுவி, ஓட்டையில் வினிகர் கலந்த வெந்நீர் விட்டு அடைப்பை எடுத்தார். இந்தத் தட்டைப் பற்றிப் பை விற்பவர்கள் ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கதவு ரப்பரில் இருந்த கறுப்புப் பூஞ்சணத்தையும் அவர்தான் காட்டினார். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ரப்பர் தளர்ந்தால் அந்த ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த மடிப்புகளில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு அது போதும், குளிர் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட்டை, அதாவது அந்தக் கதவு ரப்பரை, மாற்றும் காலம் வந்துவிட்டது. என்னுடையது வழுக்கிக்கொண்டு வந்தது. மாடல் எண் பார்த்து வாங்கிவந்த புது ரப்பரை வெந்நீரில் ஊறவைத்து மடிப்பை நேராக்கி மாட்டினார். கூலியும் நியாயம், வேலையும் சுத்தம்.

ரப்பர் நன்றாக இருந்து பூஞ்சணம் மட்டும் என்றால் பழைய டூத் பிரஷ் போதும். சோப்புத் தண்ணீரால் தேய்த்து, பிறகு நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் திரவம் கலந்து துடைத்து, காயவிடுங்கள். ஆனால் வினிகர் துடைத்த ஈரத்தின் மேல் பிளீச் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்னச் சமையலறையில் அது ஆபத்து. வெறும் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகே அடுத்தது.

சரி, பைக்கு வருகிறேன். எல்லாம் கழுவி, கதவைத் திறந்துபோட்டுக் காயவைத்த பிறகு அதே பையை நடுத்தட்டில் வைத்தேன். இப்போது அது தன் வேலையைச் செய்கிறது. நெத்திலிக் கருவாட்டை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தும் கசிகிற மெல்லிய வாடை, பூண்டு வாடை, நறுக்கிய வெங்காயம் எல்லாம் குறைந்திருக்கின்றன. வெண்ணெயில் வெங்காய வாசம் ஏறுவதில்லை. காய்கறிப் பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள், அங்குள்ள ஈரத்தில் கரியின் துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மந்தமாகிவிடும். மாதம் ஒரு முறை மொட்டை மாடி வெயிலில் காயவைக்கச் சொல்கிறார்கள். அதில் ஈரம் போகும், கொஞ்சம் தெம்பு திரும்பும், ஆனால் முழுக்கப் புதிதாகாது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வெயிலே கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பை வாங்கிய அதே ஆன்லைன் கடையில் எலுமிச்சை வாசனை ஜெல் ஒன்றும் விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம். நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையைப் பூசுகிறது, அவ்வளவுதான். என் தயிரில் அந்தச் செயற்கை வாசம் ஏறி, சாப்பாடு வாங்குகிறவர்கள் என்ன கலந்தீர்கள் என்று கேட்கும்படி ஆயிற்று. பைக்குக் கொடுத்த காசுக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன். ஜெல்லுக்கு ஒன்றும் இல்லை. மெக்கானிக் தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து.