ரிட்டா, சிவில் வழக்கா? பக்கத்து மனை விதிமீறலுக்கு எந்த வழி

அனுமதி வாங்கியது தரைத்தளமும் முதல் மாடியும். எழும்பி நிற்பது மூன்று மாடி. பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய செட்பேக்கில் படிக்கட்டு. பக்கத்து மனையில் இப்படி நடந்தால் தமிழ்நாட்டில் நமக்கு இருப்பவை பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று, உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை கேட்டு வழக்கு. மற்றது, அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ஹைகோர்ட்டில் ரிட், அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு. நான் ரிட் போட்டேன். இன்னொருவர் கேட்டாலும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

அலைச்சலில் சிவில் கோர்ட்டுக்கே மதிப்பெண். ஹைகோர்ட் என்றால் சென்னை, இல்லாவிட்டால் மதுரை. "அவர் இடத்தில் அவர் கட்டுகிறார், உமக்கென்ன?" என்ற கேள்விக்குப் பயப்பட வேண்டாம். உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் சினிமா தியேட்டருக்கு நகராட்சி அனுமதி கொடுத்த விவகாரத்தில், அங்கே குடியிருப்பவர் அதை எதிர்த்து வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது.

சிவில் வழக்கின் பெரிய பலம் அட்வகேட் கமிஷனர். மனு போட்டால் கோர்ட் ஒரு வக்கீலை நியமிக்கும். அவர் சர்வேயரோடு வந்து டேப் பிடித்து அளந்து, கட்டடம் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்று அறிக்கை கொடுப்பார். ஹைகோர்ட் அந்த வேலையில் இறங்காது. அளவே தகராறு என்று தெரிந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடும். சுவர் உங்கள் எல்லைக்குள்ளேயே வந்துவிட்டதா, யோசிக்காமல் சிவில்தான். அந்தப் பக்கம் தெரிந்தவர்களின் வழக்கைப் பார்த்த அளவுதான் என் அனுபவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை ரிட் பக்கம் தள்ளியது ஒரே கேள்வி: உத்தரவு வந்த மறுநாள் யார் அசைய வேண்டும்? சிவில் தடை கட்டுகிறவரைத்தான் கட்டுப்படுத்தும். அவர் சனிக்கிழமை ராத்திரி கான்கிரீட் போட்டுவிட்டால் தடையை மீறினார் என்று ஒரு மனு, போலீஸ் உதவி கேட்டு இன்னொரு மனு, அதற்கு வாய்தா என்று ஓடுவது நாம்தான். அதற்குள் பூச்சு வேலை முடிந்து ஆள் குடிவந்துவிடுவார்கள். ரிட்டில் உத்தரவு, கட்டட விதிமீறலைத் தடுக்க வேண்டிய அதிகாரியின் பெயரில் வருகிறது. கெடு தாண்டினால் நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். (அவமதிப்பு மனுவை ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.) பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டும் வேலை நம் தலையிலிருந்து அலுவலகத்தின் தலைக்குப் போகிறது. நாளைக்கும் அதே தெருவில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி அந்த நிபந்தனை. வெறும் புகார் மனுவைக் கொடுத்துவிட்டு ரிட் போட்டால், பெரும்பாலும் "மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்" என்றுதான் உத்தரவு வரும். அதிகாரி பரிசீலித்ததாக ஒரு கடிதம் எழுதினால் தீர்ந்தது, அவமதிப்புக்கு வழியில்லை. அதனால் முதலில் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில், விதிமீறிய கட்டடத்தை அகற்றவும் வேலையை நிறுத்தவும் சொல்லும் நோட்டீஸை அதிகாரியைப் போட வைக்க வேண்டும். அது வந்ததும், "இந்த எண், இந்தத் தேதியிட்ட நோட்டீஸை நிறைவேற்று" என்று ரிட்டில் கேளுங்கள். அளந்து, விதிமீறல் என்று எழுதியது அதிகாரியே. அளவுத் தகராறு என்ற பேச்சின் பலம் அங்கேயே பாதி போய்விடும்.

புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் நகல் தானாக வராது. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கையில் வந்ததும் முதலில் பாருங்கள்: அனுமதித்தது எவ்வளவு, கட்டியிருப்பது எவ்வளவு என்று தளவாரியாக, பக்கவாரியாக எழுதியிருக்கிறதா? "அனுமதிக்கு மாறாகக் கட்டியுள்ளீர்" என்று ஒரே வரி இருந்தால், விவரம் கேட்டு மறுபடி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.

ரிட் என்றால் உடனே இடிந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நொய்டா இரட்டைக் கோபுர வழக்கில் குடியிருப்போர் அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போனது 2012-ல். இடிக்கச் சொல்லி அங்கே உத்தரவு வந்தது 2014-ல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2021-ல், கோபுரங்கள் விழுந்தது 2022 ஆகஸ்டில். இங்கே அதற்கு இணையான முட்டுக்கட்டை, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவு. நோட்டீஸ் வாங்கியவர் அரசிடம் மேல்முறையீடு போட்டு, ஸ்டே வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிப் போட்டதாகத் தெரிந்தால் உங்களையும் விசாரிக்கச் சொல்லி அங்கே எழுதிக் கொடுங்கள், அந்த மேல்முறையீட்டைக் கெடுவுக்குள் முடிக்கும்படி ஹைகோர்ட்டிலும் கேளுங்கள். என் விவகாரம் இப்போது நிற்பது அந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது மாடிக்கு இன்னும் ஜன்னல் வைக்கவில்லை.