சிலிண்டரா, விறகா, சாண எரிவாயுவா? கிராமத்து அடுப்படிக்கு எது கட்டுப்படியாகும்

கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, வீட்டுக்குத் தேவையான காய்கறி என்று கிராமத்தில் சிக்கனமாக வாழ நினைக்கிறவர்கள் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள், விதையைப் பற்றிக் கேட்பார்கள். அடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் மாதாமாதம் கைக்காசு போகும் இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் ஒருவர் தினமும் மூன்று நான்கு மணி நேரம் நிற்கும் இடமும் அதுதான். தென்மாவட்டத்து மானாவாரி ஊர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மலையிலும் டெல்டாவிலும் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதலில் சிலிண்டர். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் பார்த்துப் புழங்கினால் ஒன்றரை மாதம் வரும். திருகினால் தீ, திருப்பினால் அணைந்துவிடும். விடியற்காலையில் பஸ் பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற வீட்டில் இதற்கு இணை எதுவும் கிடையாது. குறை என்னவென்றால், விலை நம் கையில் இல்லை. 2023 தொடக்கத்தில் சென்னை விலை 1,100 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. ஏறினாலும் இறங்கினாலும் நாம் செய்ய ஒன்றுமில்லை. உள்ளடங்கிய ஊர் என்றால் வண்டி மெயின் ரோட்டோடு போய்விடும், அங்கிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்தது விறகு. ‘சும்மா கிடைக்கிறது’ என்று சொல்லப்படும் எரிபொருள். வேலியோரம் சீமைக்கருவேலம், பருத்தி எடுத்து முடித்த காட்டில் பருத்திமார், அப்புறம் துவரைமார், தென்னை மட்டை, பாளை, சிரட்டை, பனைமட்டை என்று எரிக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இவை எல்லாம் ஒன்றுபோல எரிவதில்லை. கருவேலம் நின்று எரிந்து நல்ல கங்கு கொடுக்கும். மார் வகைகள் குபீரென்று பற்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முருங்கைக் கட்டை விறகுக்கு உதவாது. எந்த மரமானாலும் பச்சையாக வெட்டி அப்படியே வைத்தால் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை விரட்டவே போய்விடும். வெயிலில் சில மாதம் காய்ந்த விறகுதான் விறகு.

விறகின் உண்மையான விலை அதை வெட்டி, சுமந்து, ஊதி எரிக்கும் உழைப்பில் இருக்கிறது. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். சிலிண்டர் அடுப்பில் பாதிக்கு மேல் ஏறும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்குத் திறந்த அடுப்பில் கால் டன் காய்ந்த விறகு தேவைப்படும். அந்தக் கால் டன்னைச் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்தப் புகையைக் குடிப்பதும் அவர்களே. கண்ணெரிச்சல், ஓயாத இருமல், வயதான பிறகு மூச்சிரைப்பு. சுயசார்பு என்ற பெயரில் ஒருவருடைய நெஞ்சைப் புகைய விடும் வாழ்க்கையை என்னால் சிக்கனம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதற்காக விறகையே ஒதுக்க வேண்டியதில்லை, அடுப்பை மாற்றினால் போதும். பழைய கொடியடுப்பே இதில் பாதி வழி காட்டியிருக்கிறது. முன்னடுப்பில் உலை கொதிக்கும்போது, வீணாகப் போகும் அனல் பக்கத்துத் துளையில் ஏறிக் குழம்பைச் சூட்டிலேயே வைத்திருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா பிரிவு மூன்று பாத்திரம் வைக்கும் புகைபோக்கி அடுப்பு ஒன்றை உருவாக்கியது. அடியில் காற்று வரத் தட்டு, வாய்க்கு மூடி, கடைசியில் கூரைக்கு மேலே போகும் குழாய் என்று கட்டினால் விறகுச் செலவு பாதியாகும். ஆனால் புகைபோக்கியைத் துடைக்காமல் விட்டால் கரி அடைத்துப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். இதைச் சொல்லாமல் அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

சாம்பலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாத்திரம் துலக்கலாம், அவரையில் அசுவினி விழுந்தால் தூவலாம், மீதியைத் தென்னை மூட்டில் போடலாம். சிலிண்டர் தோட்டத்துக்கு எதையும் திருப்பித் தருவதில்லை.

மூன்றாவது, சாண எரிவாயு. கோபர் கேஸ் என்றால் நம் ஊர்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது எண்பதுகளில் கட்டி, துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புத் தொட்டி. அது கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மிதக்கும் டிரம் முறை. வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் வருடந்தோறும் பெயிண்ட் அடிக்காவிட்டால் இரும்பு அரித்து ஓட்டை விழும். 1984இல் வந்த தீனபந்து முறையில் இரும்பே கிடையாது. மண்ணுக்கடியில் செங்கல்லால் கட்டிய கவிழ்ந்த கூடுதான். மேலே மண் மூடிவிடுவதால் இடமும் மிச்சம். ஆனால் கூட்டின் பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்துவிடும். அதனால் இதைக் கட்டிப் பழகிய கொத்தனார் வேண்டும்.

ஒரு கிலோ ஈரச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். ஆகவே நாளைக்கு ஒரு கன மீட்டர் (ஆயிரம் லிட்டர்) வாயு தரும் சாணக் கலத்துக்குத் தினமும் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கொட்டிலில் கட்டித் தீனி போடும் மாடு நாளைக்குப் பத்துக் கிலோ போடும் என்றால் இரண்டு மூன்று மாடு போதும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு கன மீட்டர் வாயு ஒரு பர்னரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோவுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுச் சிலிண்டர். நாலு பேர் சமையலுக்குத் தாராளம்.

தினப்படி வேலை என்று பார்த்தால், காலையில் சாணியைக் கல், வைக்கோல் இல்லாமல் கரைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது. கொட்டில் கழுவிய ஃபினாயில் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கலத்துக்குள் போகவே கூடாது. உள்ளே வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். முதலில் நிரப்பிய பிறகு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும், முதலில் வரும் வாயு எரியாது, திறந்துவிட வேண்டும். தீ விட்டு விட்டு எரிந்தால் பெரும்பாலும் குழாயில் தண்ணீர் கோத்திருக்கும். தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்தால் அந்தத் தொல்லை தீரும். அடுப்பும் இதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் சின்னத் துளையில் இந்த வாயு சரியாக எரியாது. மார்கழிக் குளிரில் வாயு வரத்து குறையும்.

வெறும் காசுக் கணக்கு பார்த்தால் இது அவசரமாகப் போட வேண்டிய முதலீடு என்று தோன்றாது. வருடத்துக்கு எட்டுச் சிலிண்டர் மிச்சம் என்றால் 2025 விலையில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய். கட்டுமானத்துக்கு நாற்பதாயிரம் ஆகுமென்றால் அதை எடுக்க ஆறு வருடம் ஆகும். மானியம் கிடைத்தால் குறையும். ஆனாலும் மாடு உள்ளவர்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். காரணம், மறுபக்கம் வெளியே வரும் ஸ்லரி, அதாவது வாயு பிரிந்த பிறகு மிஞ்சும் சாணக் கரைசல். தினமும் ஐம்பது லிட்டர் அளவு. வாயுவாகப் போவது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், தழைச்சத்து ஏறக்குறைய அப்படியே நிற்கும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் குப்பைமேட்டு எருவில் அதில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வரட்டி தட்டி எரித்தாலோ மொத்தமும் போய்விடும். ஸ்லரியில் ஈ மொய்ப்பதும் களை விதை முளைப்பதும் குறைவு. வாய்க்காலில் கலந்து விட்டால் கத்தரியும் வாழையும் சில வாரத்தில் நிறம் மாறும். உரக்கடைக்குப் போகும் காசையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கணக்கு முழுசாகும்.

கரண்ட் அடுப்பைப் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம்தான், ஆனால் தினமும் இரண்டு வேளைச் சமையல் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மாலையில் வோல்டேஜ் விழும் ஊரில் அதை நம்பி உலை வைக்க முடியாது. சூரிய அடுப்பு பருப்பு வேகவைக்க நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கொட்டிலில் கட்டிய இரண்டு மூன்று மாடும் கோடையிலும் வற்றாத தண்ணீரும் இருக்கிற வீட்டுக்குச் சாண எரிவாயுதான் முதல் அடுப்பு. குளிக்க வெந்நீர், நெல் அவிப்பு, விசேஷத்துக்குப் பெரிய உலை, இதற்கெல்லாம் வெளியே கூரைக்கடியில் ஒரு விறகு அடுப்பு. ஒரு சிலிண்டர் துணைக்கு நிற்கட்டும், மாடு விற்கும் காலம் வரும், கலம் மக்கர் பண்ணும் நாளும் வரும். மாடு இல்லாத வீட்டுக்குக் கோபர் கேஸ் வேண்டாம், அடுத்தவர் சாணத்தை நம்பிக் கட்டினால் ஒரு கோடைகூடத் தாண்டாது. அவர்களுக்குச் சிலிண்டரும் புகைபோக்கி வைத்த அடுப்பும் போதும். சோற்றை அடுப்பிலேயே முழுக்க வேகவிடாமல், நன்றாகக் கொதித்ததும் இறக்கி வைக்கோல் அடைத்த பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு எரிபொருளும் மிச்சமாகும்.

தண்ணீர் லாரி வரும் ஊரில் தினமும் 25 லிட்டரைக் கலத்தில் ஊற்றுவது சங்கடம்தான். அங்கே வாயு வரத்து கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று மாட்டு மூத்திரத்தையும் கொட்டில் கழுவிய வெறும் தண்ணீரையும் சேமித்து ஊற்றுகிறார்கள், ஓரளவு நடக்கிறது. கட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், அந்தக் கொத்தனார் ஐந்து வருடம் முன்னால் கட்டிய கலம் உள்ள வீட்டுக்குச் சமையல் நேரத்தில் போய், அங்கே சமைக்கிற அம்மாவிடம் கேளுங்கள்.