சட்டைப் பையா, தோள் பையா?

அக்கா மகனுக்குக் காது குத்திய அன்று என்னிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. தோளில் நிக்கான் டி3500, லென்ஸை மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா. சட்டைப் பையில் சோனி ஆர்எக்ஸ்100, லென்ஸை மாற்ற முடியாத சின்னக் காம்பாக்ட் கேமரா. தாய்மாமன் நான்தான் என்பதால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியவனும் நானே. ஆசாரி ஊசியை எடுத்ததும் டிஎஸ்எல்ஆரைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்தேன். அவர் அதைச் செல்போன் மாதிரி முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "ஒண்ணுமே தெரியலையே மாப்ள" என்றார். "கண்ணை வச்சுப் பாருங்க அத்தான்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வலது காது முடிந்துவிட்டது. இடது காதுக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சின்னதை எடுத்து நீட்டினேன். அந்தப் படத்தில் என் தலை பாதிதான் இருக்கிறது. ஆனால் பையனின் திறந்த வாயும் ஆசாரியின் விரல்களும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் குடும்ப ஆல்பத்தில் இருக்கவே மாட்டார். கேமராவை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது, கொடுத்தால் பின்னால் இருக்கும் வாழைமரம்தான் துல்லியமாக வரும். காம்பாக்ட் கைமாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தரவரிசைப் பட்டியலும் சொல்லாத விஷயம் இது.

இருந்தாலும் "எதை வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? ஆமாம் என்றால் டிஎஸ்எல்ஆர். கூட வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸே போதும் என்றால் காம்பாக்ட். பெரிய கேமரா வாங்கினால் படம் தானாக நன்றாக வரும் என்று நம்பி, அந்த ஒரே லென்ஸுடன் ஐந்து வருடம் சுமந்தவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி3500இன் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு, 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இல் இருப்பது 13.2க்கு 8.8. பரப்பளவில் முன்னது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். முற்றத்தில் மழை பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அண்டா வைக்கிறார், இன்னொருவர் குடம். அண்டாவில்தான் நிறையத் தண்ணீர் சேரும், மழை ஒரே மாதிரி பெய்தால். ஆனால் மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பது லென்ஸின் துளையைப் பொறுத்தது. கூட வரும் 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும் (இந்த எண் குறையக் குறையத் துளை பெரியது). ஆர்எக்ஸ்100 எஃப் 1.8 வரை திறக்கும், அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம். அண்டாவில் தூறல், குடத்தில் அடைமழை. கல்யாண மண்டபத்துக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் பிடிக்கின்றன. அதில் ஒன்று 240 கிராம். இன்னொன்று பேட்டரி, லென்ஸ் எல்லாம் சேர்த்து 600 கிராமைத் தாண்டுகிறது.

ஜூமை நீட்டினால் கதை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ்100இன் துளை கடைசி முனையில் எஃப் 4.9க்குச் சுருங்கிவிடும். 18-55 அதே போல 5.6க்கு வரும், ஆனால் அண்டா அண்டாதானே. அங்கே டிஎஸ்எல்ஆர் முந்துகிறது, ஆனாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இல்லை.

மலைக்கும் மடுவுக்குமான தூரம் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டியதும் வருகிறது. பார்ப்பதற்குச் சின்ன லென்ஸ், ஜூம் கிடையாது, முன்னால் பின்னால் நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் விளக்கு வைத்த நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டும் பாட்டியின் முகத்தை அதில் எடுத்துப் பாருங்கள். கண்ணிமை துல்லியமாக இருக்கும், காது மெல்லக் கரையும், பின்னால் இருக்கும் மீட்டர் பெட்டியும் செருப்பு ஸ்டாண்டும் வெறும் நிறத் திட்டுகளாகிவிடும். காம்பாக்டில் அந்த மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைக்கூடப் படிக்கலாம்.

இந்த லென்ஸ் வாங்கும்போது நான் ஏமாந்த கதையும் உண்டு. டி3500இல் லென்ஸை ஃபோகஸ் செய்ய மோட்டார் கிடையாது, லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்க வேண்டும். நிக்கானின் பழைய 50 எஃப் 1.8 டி வகை லென்ஸ் விலை குறைவு, அழகாக மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. நீங்கள் கேட்க வேண்டியது ஏஎஃப்-எஸ், ஜி வகை. கடையில் எனக்கு டி வகையைத்தான் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கேமரா பழுது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேனான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1987இல் இஎஃப் மவுன்ட் (கேமராவில் லென்ஸை மாட்டும் அமைப்பு) வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள்.

அடுத்தது வேகம். ஓடும் பிள்ளை, பறக்கும் காக்கை, கபடி என்றால் நான் கொஞ்சமும் யோசிக்காமல் டிஎஸ்எல்ஆர் பக்கம். அதற்குள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான கண்ணாடி உண்டு, அதற்குக் கீழே தனியாக ஒரு ஃபோகஸ் சென்சார் இருக்கிறது. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அதற்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆர்எக்ஸ்100 பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி முன்னே போய், தாண்டி, திரும்பி வந்து நிற்கும். நல்ல வெளிச்சத்தில் இது தெரியாது, மங்கலில் நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்று: டி3500ஐப் பின்பக்கத் திரையைப் பார்த்து இயக்கினால் அதுவும் இதே ரேடியோ முறைக்கு இறங்கிவிடும். அத்தான் மாதிரிப் பிடிக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் எடைக்கு ஒரு பலனும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் பிரகாரத்தில் பகல் 12 மணிக்கு நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். விமானம் முழுவதையும் படத்துக்குள் கொண்டுவருவதில் இரண்டும் சமம். 18 மில்லிமீட்டரும் காம்பாக்டின் அகலக் கோணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த வெயிலில் காம்பாக்டின் திரையில் என் முகம்தான் தெரிந்தது. உத்தேசமாகத்தான் அழுத்தினேன். டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்தால் வெயில் ஒரு பொருட்டே இல்லை. 2014இல் வந்த மூன்றாம் ஆர்எக்ஸ்100இல் கண்ணை வைத்துப் பார்க்க, மேலே எழும்பும் குட்டி வியூஃபைண்டர் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு முதலாவதைவிட அதுவே ஏற்றது.

வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு இந்த இரண்டுமே உதவாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை மரமெல்லாம் பறவையாக இருக்கும், 55 மில்லிமீட்டரில் அவை வெள்ளைப் புள்ளிகள். டிஎஸ்எல்ஆர் என்றால் 70-300 வாங்க வேண்டும், மறுபடியும் இரண்டாவது லென்ஸ். இல்லையென்றால் கேனான் எஸ்எக்ஸ்740 போன்ற 40 மடங்கு ஜூம் காம்பாக்ட். அதன் சென்சார் நகத்தளவுதான். காலை வெயிலில் நாரையை எடுக்கப் போதும், மேகம் கவிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காம்பாக்டின் உண்மையான பலம் சத்தமின்மை என்று ஒரு மார்கழிக் கச்சேரியில் கற்றுக்கொண்டேன். ஆலாபனை கீழ் ஷட்ஜத்தில் இழைந்துகொண்டிருந்தபோது என் டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி "டக்" என்று அடித்தது. முன்வரிசை மாமி ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆர்எக்ஸ்100இன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பீப் ஒலியை அணைத்துவிட்டால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. தெருவிலும் இதே கதைதான். டிஎஸ்எல்ஆரைத் தூக்கினால் டீக்கடையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து "எந்த டிவி சார்?" என்பார்கள். எதற்காக எடுக்க நினைத்தீர்களோ அது போய்விடும்.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆருக்கு ஈடில்லை, ஒரு சார்ஜில் 1550 படம் என்கிறது நிக்கான். ஆர்எக்ஸ்100க்கு 330. ஆனால் சின்னதைப் பவர்பேங்கில் செருகலாம். டி3500க்கு அதன் சார்ஜர்தான் வேண்டும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

இதெல்லாம் எதற்கு, செல்போனே போதுமே என்றால், பாதி உண்மை. நகத்தளவு சென்சார் வைத்த சாதாரணக் காம்பாக்டை இப்போது வாங்குவது வீண். ஆர்எக்ஸ்100இல் இருப்பது போன்ற, ‘ஒரு அங்குலம்’ என்று சொல்லப்படும் சென்சாரும் உண்மையான ஜூமும் இருந்தால்தான் தனியாக ஒன்றைச் சுமப்பதில் அர்த்தம்.

அப்புறம், டிஎஸ்எல்ஆர் என்றால் இப்போது பழைய கேமராதான். கேனானும் நிக்கானும் 2018லேயே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய மவுன்ட்டுகளை இறக்கிவிட்டார்கள், டி3500இன் உற்பத்தியும் நின்றுவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் மாறுவதால் நல்ல லென்ஸ்கள் மலிவாக வருகின்றன. ஆர்எக்ஸ்100இன் முதல் மாடல் 2012இல் வந்தது, அதையும் பழையதாகத்தான் தேட வேண்டும்.

பழையது வாங்கப் போகும்போது லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை தெரியும். வாங்கிய பிறகு நீங்களும் பீரோவில் பூட்டாதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் படக்கோப்பிலேயே அந்த எண் பதிந்திருக்கும். காம்பாக்டுக்கு வேறு சோதனை. நாலைந்து முறை ஆன் செய்து, ஆஃப் செய்து, காதருகே வைத்துக் கேளுங்கள். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்றால் உள்ளே கடற்கரை மணல் இருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.