படத்தில் முகப்பு, படுக்கை புழக்கடையில்: செட்டிநாட்டில் நாங்கள் ஏமாந்த கதை

செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் தங்குவதற்கு முன்பணம் அனுப்ப நினைப்பவர்கள், தமக்குத் தரப்போகும் அறை அந்த வீட்டின் எந்தக் கட்டு, அதாவது முன்னிருந்து பின்னாகப் போகும் பகுதிகளில் எதில் இருக்கிறது, முகப்பின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் நாங்கள் இதைக் கேட்காமல் போனோம். 18,140 ரூபாய் கொடுத்து ஒரு பெரிய வீட்டின் புழக்கடையில் இரண்டு இரவு படுத்துவிட்டுத் திரும்பினோம். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. காரைக்குடியிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊர் என்பது போதும்.

போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அம்மா. அவருடைய தகப்பனார் அந்தப் பக்கத்துச் செட்டியார் வீடொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டுக் கல்யாணங்களில், நடுமுற்றத்தைத் தூண்களும் அறைகளும் சூழ்ந்த வளவைச் சுற்றி ஓடி விளையாடியதை அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். விளம்பரப் படங்களில் வண்ணச் சுதைகள் நிறைந்த முகப்பும், பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் வளவும், வெயில் இறங்கும் முற்றமும் இருந்தன. நூறாண்டு பழைய வீடு, யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது, ஊர்ப்புற அமைதி என்று கீழே எழுதியிருந்தார்கள். ஓர் இரவுக்கு 6,500 ரூபாய் வாடகை பேசி, ஓர் இரவுத் தொகையை யுபிஐ வழியே முன்பணமாக அனுப்பினேன். பணம் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் ஒருவரின் பெயரில் போனதைப் பார்த்தபோதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் போய் இரவு காரைக்குடியில் இறங்கினோம். அனுப்பியிருந்த கார் எங்களை ஓர் இருட்டுத் தெருவில் இரும்புக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தியது. முன்வாசலை இரவில் பூட்டிவிடுவோம் என்று சொல்லி, மேலாளர் அம்மாவை, செட்டியார் வீட்டுப் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லால், "வாங்க ஆச்சி, வாங்க ஆச்சி" என்று வாய் நிறைய வரவேற்று உள்ளே அழைத்துப் போனார். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்பது அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் நுழைந்தது பின்தெரு வாசல் என்பதை அன்றிரவே அவர் சொல்லிவிட்டார். காலையில் முன்பக்கம் போகலாம் என்று நான்தான் சமாதானப்படுத்தினேன்.

விடிந்ததும் முதலில் அகப்பட்டது தரை. குளியலறை வாசலருகே ஒரு கல்லின் மூலை பெயர்ந்திருந்தது. மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பூ, உடைந்த இடத்தில் வெறும் வெள்ளை. அம்மா குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆத்தங்குடிக் கல் இல்லப்பா, பூப்போட்ட டைல்ஸ்" என்றார். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட்டைக் கையால் ஊற்றிச் செய்கிறார்கள். வண்ணம் ஒரு கனத்துக்கு உள்ளே இறங்கியிருப்பதால் மேல்விளிம்பு சற்றுப் பெயர்ந்தாலும் நிறம் தெரியும். மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. அறைக்கு வெளியே நின்ற 'தேக்குத் தூணை'த் தட்டினால் சிமென்ட் சத்தம் வந்தது. பழுப்புப் பெயின்ட்டின்மேல் மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் இழுத்திருந்தார்கள். பழைய வீட்டின் மூன்றாம் கட்டுக்குப் பின்னால், தோட்டம் இருந்த இடத்தில், சில ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கட்டடம் அது.

வளவுக்குப் போகும் கதவில் பூட்டுத் தொங்கியது. மேலாளர் 'பராமரிப்பு வேலை' என்றார். விஷயத்தைச் சொன்னவர் அங்கிருந்த வயதான காவலாளி. ஆச்சி, ஆயா என்ற அலங்காரம் எதுவும் இல்லாமல், "அம்மா, அது பங்காளிங்க சொத்து. முன்கட்டுச் சாவி இவங்ககிட்ட கிடையாது" என்றார்.

இந்தத் தொழிலில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத முடிச்சு இதுதான். நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்கள் ஒவ்வொருவருக்குமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாகிவிடுகிறார்கள். அவர்களில் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் வந்து வீட்டைத் திறக்கிறார்கள். ஒரு பங்காளியிடமிருந்து பின்பக்க இடத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்த ஒருவர், மற்ற பங்காளிகளுக்குச் சொந்தமான முகப்பையும் வளவையும் படம் பிடித்துப் போட்டு வாடகை வாங்குவதற்கு இந்த நிலை வசதியாகிவிடுகிறது. வீட்டை முறைப்படி புதுப்பித்து, முன்கட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் இடங்களும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களுடைய பெயரையும் சேர்த்துத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை முகப்பு திறந்தது, ஆனால் எங்களுக்காக அல்ல. சினிமாப் படப்பிடிப்புக் குழு ஒன்று பங்காளிகளிடம் பேசி முன்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. ஜெனரேட்டர் வண்டி ஒன்றைப் பின்தெருவில், எங்கள் ஜன்னலை ஒட்டி நிறுத்தினார்கள். விளம்பரத்தில் சொன்ன அமைதி அன்று இரவு பதினொரு மணி வரை அப்படியே உறுமிக்கொண்டிருந்தது. இடைவேளையில் காவலாளி தயவால் அம்மா ஐந்து நிமிடம் வளவின் ஓரத்தில் நின்று பார்த்தார். பில்லில் 'பாரம்பரிய வீட்டு உலா' என்று எங்கள் மூவருக்கும் தலைக்கு 500 ரூபாய் போட்டிருந்தது அந்த ஐந்து நிமிடத்துக்கு. நானும் என் மனைவியும் அப்போது அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

பில்லைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாடகை 13,000, உலா 1,500, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்று 1,300, ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 2,340. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். அதன்படி 650 ரூபாய்க்கு மேல் வராது. அதைவிட முக்கியம், பில்லில் பதிவு எண்ணே இல்லை. ஜிஎஸ்டி எண் எழுத்தும் எண்ணுமாக 15 இலக்கங்கள் கொண்டது, தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் இட்டுப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. இவ்வளவையும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். அங்கே ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் முழுத் தொகையையும் கொடுத்தேன். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்தியதும், உடைந்த டைல்ஸைப் படம் எடுத்ததும் மட்டுமே நான் செய்த நல்ல காரியங்கள்.

விளம்பரத்தின் மற்ற சொற்களும் அப்படித்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பது அங்கீகாரம் ஆகாது, தனியொரு வீட்டுக்கு அதைச் சொந்தம் கொண்டாடவும் முடியாது. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று வகைப்படுத்த வேண்டுமானால் கட்டடம் 1950-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர வேண்டுமானால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். எந்தச் சான்றிதழ் என்று தொலைபேசியில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். சில வாரங்களில் சர்வீஸ் சார்ஜ் 1,300 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. மீதிக்காக எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழி மனு கொடுத்திருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டாண்டுக்குள் கொடுத்தால் போதும். மனுவின் நகல் கிடைத்த அன்று மேலாளர் அழைத்து, புகாரை வாபஸ் வாங்கினால் அடுத்த முறை ஆச்சிக்கு முன்கட்டிலேயே அறை தருவதாகச் சொன்னார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது, முகப்புப் படங்கள் இன்றும் அதே விளம்பரத்தில் இருக்கின்றன.