ஓவர்கிரிப்: ஒட்டுற டைப்பா, டிரையா, டவலா?

ராக்கெட்டோட ஸ்ட்ரிங் டென்ஷன (நரம்போட இறுக்கத்த) பத்தி மணிக்கணக்கா பேசறவங்க கூட ஓவர்கிரிப்னு, அதாவது கைப்பிடி மேல சுத்தற மெல்லிசு டேப்னு வந்தா கலர் பாத்துதான் எடுக்கறாங்க. என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது உங்க கை எவ்ளோ வேர்க்குதுங்கறதுதான், பிராண்டெல்லாம் அப்புறம்.

அதிகம் வேர்க்காத கைன்னா ஒட்டுற டைப்தான், யோசிக்கவே வேணாம். யோனெக்ஸ் சூப்பர் கிராப், வில்சன் ப்ரோ எல்லாம் இந்த ஜாதி. புதுசா சுத்தினதும் உள்ளங்கையோட ஒட்டிக்கும், லூசா பிடிச்சாலே போதும், மணிக்கட்டு நல்லா திரும்பும். ஆனா கொட்டுற வேர்வைய இது உறிஞ்சாது, மேலயே நிக்கும், வழுக்க ஆரம்பிச்சதும் நாம தெரியாமலே இறுக்கிப் பிடிப்போம், மேட்ச் முடிஞ்சு முன்கை கல்லு மாதிரி ஆயிடும்.

டிரை டைப் இதுக்கு நேர் எதிர். வெளிர் நீலத்துல வர்ற டூர்னா கிரிப் தெரியும்ல, அது ஈரம் பட பட பிடிப்பு கூடும். காஞ்ச கைல வழவழன்னுதான் இருக்கும், அதனாலதான் சிலர் சர்வீஸ் போடறதுக்கு முன்னாடி கையில ஊதிக்கறாங்க. சீக்கிரம் கிழியும்ங்கறது உண்மை, இருந்தாலும் வேர்க்கற கைக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

டவல் கிரிப் பேட்மிண்டன் ஆளுங்க சமாச்சாரம். உறிஞ்சறதுல இத அடிச்சுக்க ஆளில்ல, பவுடர் போட்டா இன்னும் நல்லாருக்கும், ஆனா ஊறினா கனக்கும், காஞ்சா விறைச்சுக்கும், நாத்தம் வேற. பின்னாடி முழுக்க பசைங்கறதால உரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

பலரும் கவனிக்காதது தடிமன். ஓவர்கிரிப் ஒண்ணு சுமார் 0.6 மி.மீ. தான், ஆனா டென்னிஸ் ராக்கெட்ல அது கைப்பிடிய கிட்டத்தட்ட அரை சைஸ் ஏத்திடும். ரெண்டு சுத்து போட்டா கைப்பிடியோட எட்டு பட்டையும் (தட்டையான பக்கங்க) மழுங்கிப் போய், ஃபோர்ஹேண்ட்லேர்ந்து பேக்ஹேண்டுக்கு மாத்தும்போது விரலுக்கு எந்தப் பட்டைல இருக்கோம்னே தெரியாது. பேட்மிண்டன்ல பலபேர் கம்பெனி கிரிப்ப உரிச்சிட்டு மரத்து மேலயே மெலிசா சுத்தறது இதுக்காகத்தான். டென்னிஸ்ல அப்படி பண்ணாதீங்க, அடில இருக்கற குஷன் கிரிப் அதிர்வ தாங்கறதுக்கு வேணும்.

எப்போ மாத்தறது? நாள் கணக்கெல்லாம் வேணாம், கட்டைவிரல் படற இடம் பளபளன்னு ஆனாலோ, நூல் நூலா பிரிஞ்சாலோ மாத்திடுங்க. பழசு மேலயே புதுச சுத்தாதீங்க. மேல ஒட்டியிருக்கற மெல்லிசு பிளாஸ்டிக்க உரிச்சிட்டு, கூரான முனைய கைப்பிடியோட அடில வெச்சு, லேசா இழுத்துக்கிட்டே ஒரு 3 மி.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏற்ற மாதிரி சுத்துங்க. இடதுகைக்காரங்க எதிர்த் திசைல சுத்தணும், இல்லன்னா விளையாட விளையாட ஓரம் கிளம்பிக்கும்.