இங்க்ஸ்கேப்பில் கோடும் நிறமும்

இங்க்ஸ்கேப் என்ற பட வரைவு மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது பேனா கருவி. பி (B) விசையை அழுத்தி, ஓரிடத்தில் கிளிக் செய்து அப்படியே இழுத்தால் வளைவு. இழுக்காமல் விட்டால் நேர்கோடு. அப்புறம் என் (N) விசையை அழுத்திக் கணுக்களை, அதாவது கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, பிடித்து நகர்த்தலாம். ஓர் இலையை வரைய இரண்டே கணு போதும். கணு குறையக் குறையக் கோடு வழவழப்பாகும். பென்சில் கோட்டில் கணுக்கள் குவிந்திருந்தால் கண்ட்ரோல்-எல் (Ctrl+L) அவற்றைக் குறைக்கும். ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தினால் வடிவமே மாறிவிடும், அதனால் நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வேன்.

நிறம் இன்னும் சுலபம். கீழேயுள்ள நிறப்பட்டையில் கிளிக் செய்தால் உள்நிறம், ஷிஃப்ட்டோடு கிளிக் செய்தால் ஓரக்கோட்டின் நிறம். நான் அதிகம் நம்புவது ஸ்வாட்ச் (பல வடிவங்கள் பகிர்ந்துகொள்ளும் நிறம்) வசதியை: ஒரே ஸ்வாட்ச்சைப் பல வடிவங்களுக்குக் கொடுத்துவிட்டு அதை ஒருமுறை திருத்தினால் எல்லாமே மாறும். பூந்தோட்டம் முழுக்கச் சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்க ஒரு நொடிதான்!

இங்க்ஸ்கேப் 2003 முதல் வளரும் இலவச மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது படங்களைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு, திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையான ஆர்ஜிபி நிறத்தையே அடிப்படையாகக் கொண்டது. எனவே அச்சுக்குப் போகும் வேலையென்றால் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்துக்கு மாற்றுவதை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்துகொள்ளுங்கள்.